கரண்ட் வந்தாச்சு, கம்ப்யூட்டர் வரலையே!

"பட்"டென்று கரண்ட் போனது. அரை மணியில் வந்தும் விட்டது. லைட் எரிகிறது. கம்ப்யூட்டர் மட்டும் கப்சிப்!

"அய்யோ, கல்யாண போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் அதுலதானே இருக்கு!"

பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு வேறு பிளக்கில் செருகுங்கள். பல கம்ப்யூட்டர்கள் இதிலேயே எழுந்துவிடும்.

உள்ளே விசிறியே சுற்றவில்லையா? "எஸ்.எம்.பி.எஸ்." பெட்டி மீது சந்தேகம். போகிற கரண்டை விட, திரும்பி வரும்போது எகிறி அடிக்கும் கரண்ட்தான் பொல்லாதது! புதுப் பெட்டி ரிச்சி தெருவில் கிடைக்கும். பழசைத் திறந்து நோண்டக் கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் ஷாக் அடிக்கலாம்.

தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், 3 வோல்ட் வட்ட பேட்டரி காலி. மாற்றினால் போதும்.

விசிறி சுற்றியும் விண்டோஸ் வரவில்லை என்றால்தான் ஆபத்து. "பார்மட் அடிச்சிடலாம் சார்" என்பார் மெக்கானிக். தலையாட்டி விடாதீர்கள்! விண்டோஸ் கெட்டாலும் போட்டோவும் கணக்கும் பெரும்பாலும் டிஸ்கில் அப்படியே இருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, காப்பி எடுக்கச் சொல்லுங்கள். (புதிய விண்டோஸ் என்றால் 48 இலக்க சாவி எண் கேட்கலாம்.)

டிஸ்கில் "டிக், டிக்" சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஓட ஓடச் சேதம் அதிகம்.