இடமறிந்து சேரும் மருந்து

பண்டைப் பூம்புகார்த் துறைமுகத்தில் மலைபோற் குவிந்த பண்டங்களின்மேல் சுங்கம் கொள்வோர் சோழரின் புலிப்பொறியை இட்டனர் எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. பொறி கண்டவர் பொதியை இன்னதென்று அறிவர். மருந்துக்கும் அத்தகைய பொறி ஒன்று வேண்டியுள்ளது. புற்றுநோய்க்கு ஊசிவழிச் செலுத்தும் மருந்துகள் பல குருதியிற் கலந்து உடலெங்கும் பரவி, நல்ல உயிரணுக்களையும் தாக்குகின்றன. நோயாளியின் முடி உதிர்வதும் வாந்தி உண்டாவதும் இதனாலேயாம்.

இக்குறையை நீக்க அறிஞர் நாடிய பொருள்களுள் ஒன்று ஹயலூரானிக் அமிலம். 1934ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணின் உட்பாகிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அமிலம் என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே அமைந்து, நீரை ஏந்தி நிற்கும் வழவழப்பான சர்க்கரைத் தொடரே அது. ஆதலின் உடல் அதனைப் பகையாகக் கருதுவதில்லை.

புற்றுநோய் உயிரணுக்கள் பலவற்றின் மேற்புறத்தில் சி.டி.44 என்னும் புரதம் மிகுந்துள்ளது. அப்புரதம் இவ்வமிலத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. அமிலத்தோடு மருந்தைப் பிணைத்து விடுத்தால், உயிரணு இரண்டையும் சேர்த்தே உள்ளிழுத்துக் கொள்கின்றது. உள்ளேயுள்ள நொதிகள் தொடரைத் துணிக்க, மருந்து வெளிப்படுகின்றது.

ஆயினும் அப்புரதம் நல்ல உயிரணுக்களிலும் ஓரளவு உண்டு. கல்லீரலோ இடையில் மறித்துப் பெரும்பங்கைச் சுங்கமாகக் கொண்டுவிடுகின்றது! அதன் கைக்குத் தப்பிப் பொதியைக் கரைசேர்க்கும் வழியை ஆய்வாளர் இன்றும் தேடி வருகின்றனர்.