சூரியனைப் பார்த்தே மங்கிப்போன தட்டு

“செயற்கைக்கோள் சொல்லும் அளவு சரிதான் என்று யார் பார்த்துச் சொல்கிறார்கள்?” திண்டுக்கல் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஓசோனை அளந்த கதைக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது.

1978 அக்டோபரில் நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ‘டாம்ஸ்’ என்ற கருவி இருந்தது. பூமியிலிருந்து சிதறித் திரும்பும் புற ஊதாக் கதிரை ஒருமுறை பார்க்கும். சூரியனிலிருந்து வருவதை ஒருமுறை பார்க்கும். இரண்டையும் ஒப்பிட்டால், நடுவில் ஓசோன் எவ்வளவு விழுங்கியது என்று கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் சூரியனை நேராகப் பார்க்க அந்தக் கருவியால் முடியாது, அவ்வளவு பிரகாசம். அதனால் ஓர் அலுமினியத் தட்டில் வெயிலை விழவைத்து, அதில் சிதறும் ஒளியைப் பார்த்தார்கள். என்னை வெகுநாளாக ஈர்த்துவருவது இந்தத் தட்டுதான். வெயிலை அளக்க வைத்த தட்டு, வெயில் பட்டுப் பட்டே மங்கியது. அதுவும் எல்லா அலைநீளத்திலும் ஒரே மாதிரி மங்கவில்லை; குறைந்த அலைநீளங்களில் கூடுதலாக மங்கியது. ஓசோனைக் காட்டிக்கொடுப்பதோ அந்த அலைநீளங்கள்தான்! தட்டு எவ்வளவு மங்கியது என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல வழியில்லாததால், உலகெங்கும் ஓசோன் உண்மையில் குறைந்ததைவிட வேகமாகக் குறைவதுபோல் கணக்கு வந்தது.

தவறைக் காட்டிக்கொடுத்தவை தரையிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவிகள். 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் டாப்சன் தொடங்கிவைத்த வேலை அது. நம் கொடைக்கானலிலும் அந்தக் கருவி இருந்தது. 1988இல் நிபுணர் குழு ஒன்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, செயற்கைக்கோளின் கணக்கு விலகிப்போயிருப்பது தெளிவானது.

என் மாமாவின் மளிகைக் கடையில் எடைக்கற்கள் இரண்டு செட் இருந்தன. ஒன்று தினமும் புழங்கும். முத்திரை போட்ட இன்னொன்று பெட்டிக்குள்ளேயே இருக்கும்; சந்தேகம் வந்தால் மட்டும் வெளியே வரும். 1991இல் சோவியத் மீட்டியோர்-3 செயற்கைக்கோளில் போன அடுத்த டாம்ஸ் கருவியில் இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். மூன்று தட்டுகள். ஒன்று எப்போதும் வெயிலில், ஒன்று அவ்வப்போது, ஒன்று மிக அரிதாக. மூன்றையும் ஒப்பிட்டால் எது எவ்வளவு மங்கியது என்பது தெரிந்துவிடும்.

தரைக் கருவியும் தவறும். அண்டார்க்டிகாவில் ஓசோன் 180 டாப்சன் அலகுக்கும் (ஓசோனை அளக்கும் அலகு அது) கீழே போனதை நிம்பஸ்-7 பார்த்தது. நம்ப முடியாத அளவு என்று கணினி அதைத் தனியே குறித்துவைத்தது. தென்துருவ நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கே 300 என்று இருந்தது. அந்த 300தான் பிழை என்பது பிறகே தெரிந்தது. 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவர், அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் எடுத்த பல ஆண்டு தரை அளவீடுகளை வைத்து ஓசோன் ஓட்டையை முதலில் வெளியிட்டார்கள்.

ராக்கெட் ஏவும் நாளில் நாம் எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்காருகிறோம். பல்லாண்டுகளாக ஒரே கருவியைத் துடைத்து, தினமும் சூரியனுக்கு நேரே திருப்பி, எண்ணைக் குறித்துவைப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு செயற்கைக்கோள் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். அடுத்தது போகும்போது இரண்டின் கணக்கையும் இணைத்துத் தருவது அவருடைய குறிப்பேடுதான். அப்படியொரு நிலையத்தை மூடினால் அறுந்த வரிசையை எந்தப் பணத்தாலும் ஒட்டவைக்க முடியாது. இங்கே எத்தனை பேருக்கு இது உறைத்திருக்கிறது என்று எனக்குக் கவலை உண்டு.

அந்த டாப்சன் கருவிகளைச் சரிபார்ப்பது யார் என்று வாசகர் அடுத்துக் கேட்கலாம். அதற்கும் ஒரு மூலக் கருவி உண்டு: 83ஆம் எண் டாப்சன். அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கிறது. அதை ஹவாயின் மௌனா லோவா மலைக்குக் கொண்டுபோய், தெளிந்த வானில் சூரியன் தாழ்விலிருந்து மேலே ஏற ஏற அளந்து சோதிப்பார்கள். மற்ற கருவிகளின் அளவை அதோடுதான் ஒப்பிடுகிறார்கள்.