கொம்பிரசர் வாங்குபவர் கேட்காத கேள்வி

கொம்பிரசர் வாங்க வருபவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி, "நானா, எத்தனை பார் ஏறும்?" என்பதுதான். அடுத்தது விலை. இரத்தினபுரி டயர் கடைக்காரரும் கேகாலை றப்பர் தோட்டத்து மெக்கானிக்கும் இதில் ஒரே மாதிரி. வெளியே வரும் காற்று எவ்வளவு சூடாக இருக்கும் என்று கேட்பவர் மிகச் சொற்பம். இயந்திரத்தின் ஆயுள் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சில வேளை பக்கத்தில் நிற்பவரின் ஆயுளும்தான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். அமுக்கப்படும் வாயு சூடேறும் என்பது இயற்கை. 30 பாகை செல்சியஸில் உள்ள காற்றை ஒரே சிலிண்டரில் எட்டு மடங்கு அமுக்கினால், வெப்பம் வெளியேற வழியில்லாதபோது, கணக்குப்படி 275 பாகையைத் தாண்டும். அதையே இரண்டு சிலிண்டர்களில் பிரித்து, நடுவில் குளிரவைத்து அமுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் 135 பாகையோடு நின்றுவிடும். இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் விலை கூட என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நமக்குத் தேவை காற்று மட்டுமே. பெரிய ஆலைகளுக்கு ஐதரசனும் வேண்டும். 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் கந்தகத்தை நீக்குவதற்கு ஐதரசன்தான் பயன்படுகிறது. இப்படிப்பட்ட ஆலைகளுக்கான பிஸ்டன் கொம்பிரசர்களுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவகத்தின் 618ஆம் இலக்க நியமம் எழுத்திலேயே வரம்பு வைத்திருக்கிறது: பொதுவாக 150 பாகை, ஐதரசன் மிகுந்த வாயுவானால் 135 பாகை. இலேசான வாயுதானே, குறைவாகச் சூடேறும் என்று எண்ண வேண்டாம். ஐதரசனும் கிட்டத்தட்ட காற்றைப் போலவே சூடேறுகிறது. 40 பாகையில் உள்ளே போனால் இரண்டரை மடங்கு அமுக்கும்போதே 135ஐத் தொட்டுவிடும். அதனால்தான் அங்கே மூன்று, நான்கு கட்டமாக அமுக்குகிறார்கள்.

ஐதரசனுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? சிலிண்டருக்குள் ஒட்சிசன் இல்லாததால் அங்கே தீப்பற்றாது. பயம் கசிவைப் பற்றியது. பல இயந்திரங்களில் பிஸ்டன் வளையமும் தண்டைச் சுற்றிய அடைப்பும் டெஃப்லோன் வகைப் பொருளால் ஆனவை. சூடு கூடக்கூட அவை வேகமாகத் தேயும். தேய்ந்த இடைவெளியில் ஐதரசன் மற்ற வாயுக்களைவிடச் சுலபமாக நழுவும். வெளியே வந்து காற்றோடு கலந்தால் சிறு பொறி போதும்.

வால்வு பழுதையும் இந்தச் சூடே முதலில் காட்டிக்கொடுக்கும். வெளிவால்வு சரியாக மூடாவிட்டால் சூடான வாயு திரும்ப உள்ளே வந்து மறுபடி அமுக்கப்படும். வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். ஆகவே நேற்று 120 காட்டிய மானி அதே வேலைக்கு இன்று 135 காட்டினால், மானியைத் தட்டிப் பார்த்துவிட்டு விடாமல் வால்வைத் திறந்து பாருங்கள்.

நமது காற்றுக் கொம்பிரசரில் ஆபத்து வேறு வகை. உள்ளே ஒட்சிசன் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. அதிகச் சூட்டில் எண்ணெய் கருகி, வெளிக்குழாயில் கரியாகப் படியும். அந்தக் கரி பற்றிக்கொண்டால் குழாயும் தாங்கியும் வெடிக்கலாம். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யாத கடைகள் எத்தனையோ!

விலைமனு வாங்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் வெளிவரும் வெப்பநிலை என்ன, அது எத்தனை பாகை உள்காற்றுக்குக் கணித்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். குளிர்தேசக் கணக்கு தகரக் கொட்டிலுக்குப் பொருந்தாது. இரண்டு கட்ட இயந்திரத்தில்கூட உள்ளே 10 பாகை கூடினால் வெளியே 13 பாகை கூடும்.