வைஃபையைக் காணோம்!

விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் என்ன நினைத்துக் கொள்வீர்கள்? பால்காரராக இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்து இறங்கிய மாமனாராகவும் இருக்கலாம். போன மாதம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவள் எதிர் பிளாட் மாமி. கையில் லாப்டாப். முகத்தில், திருடன் வந்து போன வீட்டுக்காரியின் களை.

"தூங்கிண்டிருந்தியா, கொழந்தே? வைஃபையைக் காணோம்டி!" என்றாள்.

மாமியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் பாட்டு டீச்சர். வாரத்தில் நாலு நாள், காலை ஆறு மணிக்கு, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் இருக்கும் குழந்தைகளுக்கு லாப்டாப் மூலம் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். நமக்குக் காலை ஆறு என்றால் கோடைக் காலத்தில் அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. மாமா காலமான பிறகு மாமி தன் கையால் சம்பாதிக்கும் காசு இது ஒன்றுதான். பெங்களூரில் இருக்கும் பிள்ளை பணம் அனுப்பத் தயாராகத்தான் இருக்கிறான். "அவன் அனுப்பறதிலே காய்கறி வாங்கலாம். பேத்திக்குப் பாவாடை வாங்கிக் குடுக்க முடியுமோ? அவன் காசிலேயே அவன் பொண்ணுக்கா?" என்பது மாமியின் கேள்வி.

அன்றைக்குப் புதிதாக ஒரு குழந்தைக்கு முதல் பாடம். முந்தின நாள் இரவு பத்து மணிக்கே வைஃபை மறைந்துவிட்டது. பிள்ளைக்குப் போன் செய்தாளாம். "நீ எதையாவது தொட்டிருப்பே அம்மா!" என்று பதில் வந்ததாம். அவன் கொடுத்த நம்பரில் ஒரு ரிப்பேர் கடைப் பையன் கிடைத்தான். அவன் லாப்டாப்பைப் பார்க்காமலே, "போர்டு போயிருக்கும், கொண்டு வாங்க, ஐயாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் மாமிக்குத் தூக்கம் ஏது?

நானும் காலேஜில் படித்தவள்தானே! ஒரு கேள்வி கேட்காமல் நேரே மாமி வீட்டுக் கூடத்துக்குப் போய், சுவரில் பச்சை விளக்கு மின்னிக் கொண்டிருந்த ரௌட்டரை அணைத்துப் போட்டேன். லாப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அணைத்தேன். மூன்றாவது தடவை அணைத்தபோது மாமி சொன்னாள்:

"ஏண்டி, நீ அதை அணைக்கிறப்பல்லாம் செல்போன்லே சுப்ரபாதமும் நின்னு போறதே! அப்போ அந்தப் பெட்டி நன்னாத்தானே இருக்கு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதுதான் முதலில் பார்த்திருக்க வேண்டிய விஷயம். செல்போனில் வைஃபை வருகிறது, லாப்டாப்பில் வரவில்லை. அப்படியானால் ரௌட்டர் குற்றவாளி இல்லை. கோளாறு லாப்டாப்புக்குள்ளேதான்.

வைஃபையைக் காணோம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வெவ்வேறு மூன்று சங்கடங்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. எது காணோம் என்று பார்த்துக் கொண்டால் பாதி வேலை தீர்ந்தது.

உங்கள் வீட்டு வைஃபை பெயர் தெரிகிறது, லாப்டாப் அதோடு சேர்ந்தும் விடுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால், செல்போனைப் பாருங்கள். அதிலும் வரவில்லையானால் ரௌட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அப்புறம் இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். லாப்டாப்பை நோண்ட வேண்டாம். இது சுலபமான வகை.

இரண்டாவது வகை கொஞ்சம் வேடிக்கையானது. லாப்டாப்பில் வைஃபை பட்டியல் வருகிறது. மேல் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, பக்கத்து டாக்டர் வீட்டின் பெயர் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை! லாப்டாப்பின் காது கேட்கிறது, நம் வீட்டுக் குரல்தான் அதற்கு எட்டவில்லை என்று அர்த்தம். இதை மாமிக்கு அவள் பாஷையிலேயே சொன்னேன். இப்போதைய ரௌட்டர்கள் அநேகமாக இரண்டு ஸ்தாயியில் பாடுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய ஒரு ஸ்தாயி வித்தியாசம். கீழ் ஸ்தாயி சுவரைத் தாண்டிக் கொண்டு தூரம் போகும், வேகம் குறைவு. மேல் ஸ்தாயிக்கு வேகம் அதிகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். பழைய லாப்டாப்கள் சிலவற்றுக்கு மேல் ஸ்தாயி காதிலேயே விழாது. ரௌட்டரில் யாராவது 2.4-ஐ அணைத்து வைத்துவிட்டால் அந்த லாப்டாப்புக்கு உங்கள் வீடே இல்லை!

ரௌட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கண்ணுக்கு உறுத்துகிறதென்று அதை இரும்பு பீரோவின் பின்னால் ஒளித்து வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். (எங்கள் வீடும் ஒரு காலத்தில் அதில் சேர்த்தி.) இரும்பு, அலைகளைத் திருப்பி அடித்துவிடும். நிலைக்கண்ணாடியும் அப்படித்தான். மீன் தொட்டித் தண்ணீர் அலைகளைக் குடித்துவிடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதே, அது வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், அதாவது வைஃபையின் கீழ் ஸ்தாயிக்கு நட்ட நடுவில். அடுப்பிலிருந்து கசிவது நம்மைத் துன்புறுத்தாத அளவுதான். ஆனாலும் பக்கத்திலே லாப்டாப் இருந்தால், பால் சுடுகிற இரண்டு நிமிஷமும் படம் தத்தளிக்கும். இந்தக் கீழ் ஸ்தாயியை இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் யாரும் உபயோகிக்கலாமென்று சர்க்கார் விட்டது 2005-ஆம் ஆண்டில். வீட்டு ரேடியோவுக்கே போஸ்டாபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் நம் பாட்டிமாருக்கு நினைவிருக்கும்.

மாமியின் சங்கடம் மூன்றாவது வகை. பெயர்ப் பட்டியலைக் காணோம். பட்டியலைத் திறக்கும் வைஃபை பொத்தானையே காணோம்! மூலையில் விசிறி மாதிரி இருக்கும் படத்துக்குப் பதில் ஓர் உலக உருண்டை உட்கார்ந்திருந்தது. பொத்தான் இருந்து, அணைந்து மட்டும் இருந்தால் விமானப் படம் போட்ட சாவியில் கை பட்டிருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். பழைய லாப்டாப்களில் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்சே உண்டு. மாமி லாப்டாப்பில் பொத்தானே மறைந்துவிட்டதால், தனக்குக் காது என்று ஒன்று இருப்பதையே அது மறந்துவிட்டது என்று தெரிந்து கொண்டேன்.

மணி ஐந்தே முக்கால். ரிப்பேர் செய்கிற நேரமா அது? முதலில் குழந்தைக்குப் பாட்டு நடக்க வேண்டும். இங்கே நான் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். மாமியின் ஆண்ட்ராய்டு செல்போனை சார்ஜர் ஒயரால் லாப்டாப்போடு இணைத்து, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய், 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைப் போட்டேன். பத்து விநாடியில் லாப்டாப்புக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. இதில் ஒரு சௌகரியம் பாருங்கள்: போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே ஒயர் வழியாக லாப்டாப்புக்கு வார்க்கும், மொபைல் டேட்டா செலவாகாது. லாப்டாப்புக்குச் செவி போனாலும் செல்போன் அதற்குக் காதாக இருக்கும். ஒயர் மட்டும் டேட்டா போகக்கூடியதாக இருக்க வேண்டும். வெறும் சார்ஜ் ஏற்றுகிற மலிவு ஒயர் உதவாது.

ஆறு மணிக்குத் தம்பூரா சப்தம் கேட்டது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மழலைக் குரல் "ஸா" என்றது. நான் சமையலறைக்குப் போய்க் காப்பி கலந்தேன்.

ஏழு மணிக்கு வைத்தியத்தை ஆரம்பித்தோம். "உங்க ப்ளூடூத் இருக்கா, மாமி?" என்று கேட்டேன். ஸ்பீக்கர் ஒன்றை மாமி அப்படித்தான் இணைப்பது வழக்கம். அதையும் காணோம். இது நல்ல துப்பு. அநேக லாப்டாப்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் குடியிருப்பது ஒரே சின்ன அட்டையில்தான். கட்டைவிரல் அகலம் இருக்கும். அதிலிருந்து தலைமுடி போல இரண்டு ஒயர்கள் கீல் வழியாக மேலே ஏறித் திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். லாப்டாப்பின் காது உண்மையில் திரைப் பக்கத்தில்! இரண்டு சமாசாரமும் சேர்ந்து மறைந்தால் அட்டையின் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

ப்ளூடூத் என்றதும் ஒரு சினிமாக் கதை. ஹாலிவுட் நட்சத்திரம் ஹெடி லாமார், ஜார்ஜ் ஆன்தீல் என்ற சங்கீதக்காரருடன் சேர்ந்து, எதிரி குறுக்கிட முடியாதபடி ரேடியோ அலையை ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவ விடும் முறைக்கு 1942-இல் காப்புரிமை வாங்கினார். 88 சுரங்கள், பியானோவில் அத்தனை கட்டைகள்தான். 1997-இல் வந்த முதல் வைஃபை விதிமுறையில் இந்தத் தாவல் முறைக்கும் இடமிருந்தது. இப்போதைய வைஃபை அதை விட்டுவிட்டது. ப்ளூடூத் இன்றைக்கும் தாவிக் கொண்டிருக்கிறது. மாமிக்கு இதைச் சொன்னபோது, "பாட்டுத் தெரிஞ்சவா கை வெச்சா அப்படித்தான்" என்று பெருமைப்பட்டுக் கொண்டாள்.

விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் லாப்டாப்பில் ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது பக்கம் அமுக்கினால் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒரு வரி வரும். அதற்குள் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்'. அங்கே வைஃபை அட்டையின் பெயர் இருந்தது. பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். தட்டிப் பார்த்தால், இந்தச் சாதனம் ஆரம்பிக்க முடியவில்லை, கோட் 10 என்றிருந்தது. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அட்டை கண்ணுக்குத் தெரிகிறது. முரண்டு பிடிக்கிறது, அவ்வளவுதான்!

மாமி ராத்திரி லாப்டாப்பை நாலு தடவை மூடித் திறந்தாளாம். ஷட் டவுன் கொடுத்தும் பார்த்தாளாம். அது போதாது. விண்டோஸ் ஷட் டவுனில், அடுத்த தடவை சீக்கிரம் எழுந்திருப்பதற்காகப் பாதி நினைவை எழுதி வைத்துக் கொண்டே தூங்கும். முழுக்க மறந்து எழுந்திருக்க 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். கொடுத்தோம். முக்கோணம் போகவில்லை.

அடுத்த வைத்தியம் முக்கியமானது. லாப்டாப் அணைந்திருக்கும்போதுகூட உள்ளே சில பாகங்களுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க் கொண்டிருக்கும். அதனால் முரண்டு பிடித்த அட்டை ராத்திரி முழுவதும் முரண்டு பிடித்தபடியே இருக்கும். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, மற்ற ஒயர்களையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும்.

"நீங்களே அமுக்குங்கோ, மாமி" என்றேன்.

"நான் தொடலாமோ?" என்றாள். பிள்ளை ராத்திரி சொன்னது மனசில் முள்ளாக இருந்திருக்கிறது. அப்புறம் இடது கைவிரலால் பொத்தானை அமுக்கிக் கொண்டு, வலது கையால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். விநாடிக்கு ஓர் அட்சரம். ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம். முப்பத்திரண்டு! எந்தக் கடிகாரம் வேண்டும்?

சார்ஜரை மாட்டி லாப்டாப்பை எழுப்பினோம். விசிறி வந்து உட்கார்ந்து கொண்டது.

இதற்கும் மசியாத லாப்டாப்கள் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் மேல் வலது பக்கம் அமுக்கி 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, டிரைவரை நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறி போடாமல், ரீஸ்டார்ட் செய்யுங்கள். லாப்டாப் அட்டையைப் புதிதாக அறிமுகம் செய்து கொள்ளும். அப்டேட் வந்த மறுநாள் தொல்லை ஆரம்பித்திருந்தால் 'ரோல் பேக் டிரைவர்' என்று பழைய நிலைக்குத் திருப்பும் வழியும் உண்டு. 'நெட்வொர்க் ரீசெட்' கடைசி பட்சம். அது வைஃபை பாஸ்வேர்டுகளையெல்லாம் துடைத்துவிடும்; முதலில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அட்டை பட்டியலிலேயே அடியோடு இல்லையென்றால் அது கழன்றோ, கெட்டோ போயிருக்கலாம். அப்போதும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்றைச் செருகிக் காலம் தள்ளலாம். கடையில் கொடுப்பதானால், "அட்டை தனியா, போர்டோடு ஒட்டியதா?" என்று கேளுங்கள். மெல்லிய லாப்டாப்கள் சிலவற்றில்தான் ஒட்டியிருக்கும். மற்றவற்றில் அட்டையை மட்டும் மாற்றலாம்.

இன்னொன்று. ராத்திரி தூக்கம் வராமல் மாமி செல்போனில் தேடி ஒரு 'கஸ்டமர் கேர்' நம்பருக்கும் பேசியிருக்கிறாள். அவன் ஒரு புரோகிராமைப் போனில் இறக்கச் சொன்னானாம். திரையை அவனே பார்த்துச் சரி செய்வானாம். முன்பணமாகப் பத்து ரூபாய் மட்டும் அனுப்ப வேண்டுமாம். கண்ணாடி எங்கே வைத்தோமென்று மாமி தேடப் போனதில் பேச்சு அறுந்துவிட்டது. அந்த மூக்குக் கண்ணாடிக்குக் கற்பூரம் காட்ட வேண்டும்! இப்படித் திரையைப் பார்க்க விட்டவர்கள் பாங்குப் பணத்தையே பறிகொடுத்திருக்கிறார்கள். நம்பர் வேண்டுமானால் லாப்டாப் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலோ, வாங்கிய பில்லிலோ பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எட்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து போன் வந்தது. மாமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கடைக்குக் கொடுத்தனுப்பினியா, அம்மா?"

"இல்லேடா. சரியாயிடுத்து."

"யார் சரி பண்ணினா?"

மாமி என்னைப் பார்த்தாள். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன்.

"நான்தான்டா. தொட்டேன்!"