உட்கார்ந்த இடத்தில் ஓட்டம்

மின்மோட்டார் வருவதற்கு முன்பு திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் என்றால் மாடு பூட்டி இறைக்கும் கமலைதான். சரிவில் மாடு இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் தண்ணீரைக் கொட்டியதும் மாட்டோடு பின்னேறி நடக்க வேண்டும். கருக்கலில் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே வேலை. அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு டீக்கடை பெஞ்சிலிருந்தே செல்போனில் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள்.

எல்லாக் காலும் ஓய்ந்துவிடவில்லை. ஸ்பின்னிங் மில்லில் சைடர் வேலை பார்க்கும் பெண் ஷிப்ட் முழுக்க ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே நடந்து, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்கிறார். அதே மில்லின் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவருக்குத்தான் டாக்டர் நடைப்பயிற்சி எழுதித் தருகிறார். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2022இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போதிய அளவு உடலை அசைக்கவில்லை என்றது 2024இல் வெளியான லான்செட் குளோபல் ஹெல்த் ஆய்வு.

இப்படி உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு ஜப்பானில் ஒரு வேடிக்கையான வழி சோதிக்கப்பட்டது. தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் டாலிலா புரின், ரியூட்டா கவாஷிமா குழு, ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து விஆர் ஹெட்செட்டை மாட்டியது. குனிந்து பார்த்தால் தன் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெய்நிகர் உருவத்தின் கால் ஓடுகிறது. ஆள் அசையவில்லை, நாடி கூடுகிறது. அந்த உருவத்தைத் தள்ளி நின்று பார்க்கிற மாதிரி காட்டினால் இந்த விளைவு வருவதில்லை. தன் உடம்பு என்று மூளை ஏமாந்தால்தான் இதயமும் ஏமாறுகிறது. சிந்தனைச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்ததாக 2020இல் எழுதினார்கள்.

சர்க்கரைக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். தசை சுருங்கி வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக இழுக்கும். கண் பார்த்த ஓட்டத்துக்குத் தொடைத்தசை அசையாது.

கருவி யாருக்குத் தேவை என்பதற்குப் பழனியைப் பார்க்கலாம். அங்கே 693 படி இருக்கும்போதே 1966இல் வின்ச் வந்தது, 2004இல் ரோப்கார் வந்தது. முட்டி தேய்ந்தவர்களுக்கு இரண்டும் வரம்தான். அதற்காகத் தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியே போகும் பாதயாத்திரைக் கூட்டம் நின்றுவிடவில்லை. ஹெட்செட் திண்டுக்கல்லுக்கு வருமானால், பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கும் நடக்கவே முடியாதவருக்கும் முதலில் மாட்டிப் பார்க்கலாம். மில் கணக்கருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு மலைக்கோட்டைப் படி ஏறட்டும்.