மலைக்கோட்டையில இருந்து ஏரிக்கரைக்கு: உதய்பூரைத் தண்ணி வழியா பார்க்கலாம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோட்ல நாம போகப் போற ஊர், ராஜஸ்தானோட தென்பகுதியில இருக்கிற உதய்பூர். "ஏரிகளின் நகரம்"னு பேர் வாங்கின ஊர். ஏரிக்கு நடுவுல மிதக்கிற மாதிரி ஒரு வெள்ளை அரண்மனை, பின்னாடி மலை, சாயங்கால வெயில். இந்த போட்டோவை நீங்க எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

அந்த போட்டோ சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. உதய்பூர்ல இருக்கிற பெரிய ஏரிகள்ல ஒண்ணுகூட இயற்கையா உருவானது இல்லை. எல்லாமே கரை கட்டித் தேக்கின தண்ணி. அங்க ஒரு வருஷத்துக்குப் பெய்யற மழை ஏறக்குறைய 600, 650 மில்லிமீட்டர்தான். சென்னையில பெய்யறதுல பாதிகூட கிடையாது. அதுவும் ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் மூணு மாசத்துல கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும்.

அப்படிப்பட்ட ஊர்ல, ஒரு ராஜ்ஜியமே தன் தலைநகரத்தை ஏரிக்கரைக்கு ஏன் மாத்துச்சு? இதுக்குப் பதில் தெரிஞ்சா, அங்க நீங்க பார்க்கற ஒவ்வொரு இடமும் வேற மாதிரி தெரியும்.

முதல்ல சித்தோர்கர்

பதில் உதய்பூர்ல இல்லை. அங்கிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தூரத்துல, சித்தோர்கர் கோட்டையில இருக்கு. அதனால நேரம் இருக்கிறவங்க பயணத்தை அங்கிருந்து தொடங்குங்க.

சித்தோர்கர்தான் மேவார் ராஜ்ஜியத்தோட பழைய தலைநகரம். சமவெளியில தனியா எழும்பி நிக்கற ஒரு மலை, உயரம் 180 மீட்டர். உச்சி தட்டையா, கிட்டத்தட்ட 700 ஏக்கர் பரப்பு. மேல போகணும்னா வரிசையா ஏழு வாசல்களைத் தாண்டணும். ஒரு காலத்துல மலை மேலேயே 84 நீர்நிலைகள் இருந்ததா சொல்றாங்க. இன்னிக்கு அதுல 22 மிச்சம். அதாவது உள்ள இருந்தவங்களுக்குத் தண்ணிப் பஞ்சம் கிடையாது. வெளிய இருந்து வர்றவங்க ஏறறது ரொம்பக் கஷ்டம்.

கேட்க அசைக்க முடியாத கோட்டை மாதிரி இருக்குல்ல? ஆனா அது மூணு தடவை விழுந்திருக்கு. 1303-ல அலாவுதீன் கில்ஜி, 1535-ல குஜராத் சுல்தான் பகதூர் ஷா, 1568-ல அக்பர்.

அந்த மலையோட பலவீனமும் அதுவேதான். தனி மலைங்கறதால அதைச் சுத்தி வளைக்கலாம். வளைச்சுட்டா உள்ள இருக்கிறவங்க வெளியேற வழியே இல்லை. மூணு தடவையும் முடிவு ஒரே மாதிரிதான். தோல்வி உறுதின்னு தெரிஞ்சதும் ஆண்கள் கடைசிச் சண்டைக்கு இறங்கினாங்க, பெண்கள் தீயில இறங்கினாங்க. இதை வீரம்னு பாடற கதைகள் நிறைய இருக்கு. ஆனா அந்த மேட்டுல நின்னு யோசிச்சா, தப்பிக்க வழி இல்லாத ஒரு இடத்துல மாட்டிக்கிட்ட மனுஷங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க.

1535-ல அப்படி உயிர்விட்டவங்கள்ல ஒருத்தர் ராணி கர்ணாவதி. அவங்க பையன் உதய் சிங்குக்கு அப்போ பதிமூணு வயசுதான் இருக்கும். பிற்காலத்துல மேவாரோட ராணாவானதும் 1559-ல ஒரு புதுத் தலைநகருக்கு அடிக்கல் போட்டவர் அவர்தான். அவர் பேர்லதான் அந்த ஊர், உதய்பூர்.

1567 கடைசியில அக்பரோட படை சித்தோர்கரைச் சுத்தி வளைச்சப்போ, உதய் சிங் கோட்டையைத் தளபதிகள் கையில கொடுத்துட்டு மலைகளுக்குள்ள போயிட்டார். ஏறக்குறைய நாலு மாசத்துல, 1568 பிப்ரவரியில கோட்டை விழுந்தது. அதுக்கப்புறம் கோட்டைக்குள்ள இருந்த பொதுமக்களும் ஆயிரக்கணக்குல கொல்லப்பட்டாங்க. உதய் சிங்கைக் கோழைன்னு சொன்னவங்க அன்னிக்கும் உண்டு, இன்னிக்கும் உண்டு. ஆனா மேவார் ராஜ்ஜியம் அதுக்கப்புறமும் நீடிச்சதுன்னா, தலைமை வெளிய இருந்ததும், ஒதுங்க ஒரு இடம் இருந்ததும்தான் பெரிய காரணம்.

சுவருக்குப் பதில் மலை, அகழிக்குப் பதில் ஏரி

இப்போ உதய்பூருக்கு வருவோம். ஆரவல்லி மலைகள் சுத்தி நிக்க, நடுவுல ஒரு கிண்ணம் மாதிரி இருக்கிற இடம். சித்தோர்கர்ல மலை மேல ஊர். இங்க மலைகளுக்கு உள்ள ஊர். பெரிய படையும் பீரங்கியும் உள்ள வரணும்னா குறுகலான கணவாய்கள் வழியாத்தான் வரணும். உள்ள இருக்கிறவங்களுக்கோ, பின்பக்கமா காட்டுக்குள்ள நழுவ ஆயிரம் வழி.

இதுக்கு நல்ல உதாரணம் 1680. ஔரங்கசீப்போட படை உதய்பூருக்குள்ள நுழைஞ்சப்போ ஊர் காலியா இருந்தது. ராணா ராஜ் சிங் மக்களோட மலைகளுக்குள்ள போயிட்டார். கோயில்கள் சேதமாச்சு, ஆனா சித்தோர்கர்ல நடந்தது இங்க நடக்கலை. காலி பண்ணிட்டுப் போகவும், திரும்பி வரவும் முடிஞ்ச ஊர் இது.

தண்ணி? அந்த இடத்துல ஏற்கெனவே பிச்சோலா ஏரி இருந்தது. தானிய மூட்டைகளை மாட்டு மேல ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போற பஞ்சாரா வணிகர் ஒருத்தர் 14-ஆம் நூற்றாண்டுல கட்டினதுன்னு ஊர் வழக்கு. உதய் சிங் அதோட கரையை உயர்த்தி ஏரியைப் பெருசாக்கினார். ஊருக்கு மேற்குப் பக்கம் ஏரி, மத்த பக்கங்கள்ல மதில். கிழக்கே இன்னொரு ஏரியும் வெட்டினார், அது உதய் சாகர்.

தண்ணி போற வழியில நாமும் போவோம்

உதய்பூரை ரெண்டு நாள்ல பார்க்கறதுக்கு நான் சொல்ற வழி ரொம்பச் சுலபம். தண்ணி எந்த வரிசையில போகுதோ, அதே வரிசையில நீங்களும் போங்க.

தொடக்கம் பிச்சோலா. மேற்கு மலைகள்ல பெய்யற மழை சீசார்மா ஆறு வழியா இதுக்குள்ள வருது. கிழக்குக் கரையில சிட்டி பேலஸ். இதை ஒரே ராஜா கட்டலை. உதய் சிங் தொடங்கினதை அடுத்தடுத்து வந்தவங்க சுமார் 400 வருஷமா சேர்த்துக்கிட்டே போனாங்க. பக்கத்துலயே 1651-ல கட்டின ஜகதீஷ் கோயில். சாயங்காலம் எதிர்க்கரையில இருக்கிற அம்ப்ராய் படித்துறைக்குப் போனா, அரண்மனை மொத்தமும் தண்ணியில பிரதிபலிக்கிறதைப் பார்க்கலாம்.

ஏரிக்குள்ள ரெண்டு முக்கியமான தீவுகள். போட்டோல வர்ற வெள்ளை அரண்மனை ஜக் நிவாஸ். 1740-கள்ல இரண்டாம் ஜகத் சிங் கட்டினது. இப்போ ஹோட்டல். இன்னொண்ணு ஜக் மந்திர். அங்க படகுல போகலாம். அதுக்குள்ள ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. 1614, 15-ல மேவாரைப் பணிய வெச்ச முகலாயப் படைக்குத் தலைமை தாங்கினவர் இளவரசர் குர்ரம். பத்து வருஷத்துக்குள்ள அதே குர்ரம், தன் அப்பா ஜஹாங்கீருக்கு எதிரா கலகம் பண்ணிட்டு அடைக்கலம் தேடி இங்க வந்தார். மேவார் அவரை ஏத்துக்கிட்டு இந்தத் தீவுல தங்க வெச்சது. பின்னாடி ஷாஜகான்னு நாம படிக்கிறவர் இவர்தான். 1857 கிளர்ச்சி நேரத்துல ஐரோப்பியக் குடும்பங்களைப் பாதுகாப்பா வெச்சதும் இதே தீவுலதான்.

அடுத்து ஸ்வரூப் சாகர், அதுல இருந்து கால்வாய் வழியா ஃபதே சாகர். 1680-கள்ல ஜெய் சிங் கட்டின ஏரி இது. வெள்ளத்துல உடைஞ்சு போச்சு. இருநூறு வருஷம் கழிச்சு ஃபதே சிங் திரும்பக் கட்டினார். இன்னிக்கு ஊர் இளைஞர்கள் எல்லாம் சாயங்காலம் கூடற இடம் இதோட கரைதான்.

ஃபதே சாகருக்கு நடுவுல வெள்ளையா ஒரு கட்டடம் தெரியும். அதை அரண்மனைன்னு நினைச்சுடாதீங்க. அது சூரியனை ஆராயற வானியல் ஆய்வகம், 1970-கள்ல இருந்து இயங்குது. சூரிய ஆய்வுக்கு எதுக்கு ஏரி? பகல்ல தரை சூடாகி, மேல இருக்கிற காத்து அலைபாயும். தார் ரோட்டுல தூரத்துல கானல் ஆடறதைப் பார்த்திருப்பீங்கல்ல, அதே விஷயம். தொலைநோக்கியில சூரியனோட படமும் அப்படித்தான் ஆடும். சுத்தி தண்ணி இருந்தா அந்தச் சூடு குறைஞ்சு, படம் நிலையா வரும்.

ஃபதே சாகருக்குக் கீழ சஹேலியோன் கி பாரி தோட்டம். அங்க இருக்கிற நீரூற்றுகள் மோட்டார் இல்லாம, மேல இருக்கிற ஏரித் தண்ணியோட அழுத்தத்துலயே பீய்ச்சற மாதிரி அமைச்சது.

ஏரிகள் நிரம்பினா, உபரித் தண்ணி ஆஹார் ஆத்துல விழும். அது ஊரைக் கடந்து உதய் சாகரை நிரப்பும். உதய் சாகரைத் தாண்டினதும் அந்த ஆத்துக்குப் பேர் பெராச். அந்த பெராச் எங்க போகுது தெரியுமா? சித்தோர்கர் கோட்டை நிக்கற அதே ஊர் வழியாத்தான். உதய் சிங் விட்டுட்டு வந்த மலையோட அடிவாரத்துக்கு, அவர் தேக்கின ஏரியோட தண்ணியே போய்ச் சேருது. அப்புறம் பனாஸ், சம்பல், யமுனை, கங்கைன்னு போய் வங்கக் கடல்ல கலக்குது. குஜராத் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற ஊரோட தண்ணி, நம்ம பக்கத்துக் கடலுக்கு வருது!

பஞ்சம் கட்டின ஏரி

ஒரு நாள் கூடுதலா இருந்தா, வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தூரத்துல ராஜ்சமந்த் ஏரிக்குப் போங்க. 1662-ல தொடங்கின வேலை இது. அப்போ கடும் பஞ்சம். மக்களுக்கு வேலையும் சாப்பாடும் கிடைக்கணும்னு ராணா ராஜ் சிங் கட்டினது. இன்னிக்கு நூறு நாள் வேலைன்னு சொல்றோமே, அந்த யோசனையோட பழைய வடிவம். கரையில பளிங்குப் படிகள், 25 கல்பலகைகள்ல மேவார் வரலாற்றைச் சொல்ற சமஸ்கிருதக் கல்வெட்டு. இந்தியாவுல ரொம்ப நீளமான கல்வெட்டுகள்ல ஒண்ணு. அங்கிருந்து மேல போனா கும்பல்கர் கோட்டை, 36 கிலோமீட்டர் நீள மதில். சிறுவனா இருந்த உதய் சிங்கை உயிர் தப்ப வெச்சு ஒளிச்சு வளர்த்தது அங்கதான்.

இப்போ என்ன பிரச்சனை?

இந்த ஏரிகள் வெறும் அழகுக்கு இல்லை. ஊருக்குக் குடிதண்ணி இதுல இருந்துதான் போகுது. மழை பொய்ச்சா ஏரி வத்திடும். 2000-களோட வறட்சி வருஷங்கள்ல பிச்சோலா காய்ஞ்சு, ஏரித் தரையில மாடு மேஞ்சது, பசங்க கிரிக்கெட் ஆடினாங்க. அதனாலதான் இப்போ மலைக்கு அந்தப் பக்கம், சபர்மதி படுகையில விழற மழையையும் சுரங்கம் வழியா பிச்சோலாவுக்குக் கொண்டு வர்றாங்க.

இன்னொரு பக்கம், ஏரியைப் பார்த்த மாதிரி ரூம் வேணும்னு நாம கேட்கறோம். கரையை ஒட்டி ஹோட்டல் வருது. கழிவுநீர் ஏரிக்கும் ஆஹார் ஆத்துக்கும் போகுது. 2025 ஜனவரியில, ராம்சார் அமைப்போட 'ஈரநில நகரம்' அங்கீகாரத்தை இந்தியாவுல முதன்முதலா வாங்கின ரெண்டு ஊர்ல உதய்பூர் ஒண்ணு, இன்னொண்ணு இந்தூர். பெருமையான விஷயம்தான். ஆனா அந்தப் பேரைக் காப்பாத்தறதுல அங்க போற நமக்கும் பங்கு இருக்கு. ரூம் புக் பண்றப்போ கழிவுநீர் எங்க போகுதுன்னு ஒரு கேள்வி கேளுங்க. படித்துறையில பிளாஸ்டிக் போடாதீங்க. ஏப்ரல், மே மாசத்துல போனா வாளித் தண்ணியில குளிங்க.

எப்போ போகலாம்? ஏரி நிரம்பி மலை பச்சையா இருக்கணும்னா செப்டம்பர், அக்டோபர். குளிர் வேணும்னா டிசம்பர், ஜனவரி.

கடைசி சாயங்காலத்தை சஜ்ஜன்கருக்கு ஒதுக்குங்க. 1880-கள்ல சஜ்ஜன் சிங் மலை உச்சியில கட்டின அரண்மனை. மழை மேகம் வர்றதைப் பார்க்கறதுக்காகவே கட்டினது, அதனால மான்சூன் பேலஸ்னு பேர். அங்கிருந்து பார்த்தா ஏரிகள் வரிசையா கண்ணுக்குக் கீழ தெரியும். எது எதுக்குள்ள போய் விழுதுன்னு நீங்களே விரலால கோடு போட்டுக் காட்டலாம்.

உங்களுக்குப் பிடிச்ச ஏரி ஊர் எது, அதுக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.