மாணாக்கர் வாயிலாக மாணாக்கர்க்கு
எச்.ஐ.வி. தடுப்புக் கல்வியும் சகபாடிக் கல்வியாளரும்

பாடம் கேட்கும் முறைமையை வகுத்துரைத்த பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்தில் நுட்பமானதொரு கணக்கினை வைத்துச் சென்றார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கூர்ந்து கேட்பினும் மாணாக்கன் அதனாற் பெறும் புலமை காற்கூறே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுதலால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இதுவே அக்கணக்கின் சாரம். நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்ட அந்நூலை நம் மண்ணின் மாணாக்கர் பல தலைமுறையாகப் பயின்று வந்துள்ளனர். அக்கணக்கின்படி கல்வியில் ஆசிரியர் பங்கு காற்கூறு. மாணாக்கர்தம் பங்கு முக்காற்கூறு.

இக்கருத்து ஏட்டளவில் நின்றதன்று. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் பயிற்றினான். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789 இல் ஏற்ற அந்திரு பெல் என்னும் பாதிரியார், நம்மவர் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். சிறுவரைக் கொண்டே சிறுவரைக் கற்பித்தார். அவர் எழுதிய அறிக்கை 1797 இல் இலண்டனில் வெளிவந்தது. ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அஃது இங்கிலாந்தெங்கும் பரவியது. இன்று உலகச் சுகாதாரத் துறையினர் ‘சகபாடிக் கல்வி’ என்று வழங்குவதை அயல்நாட்டுச் சரக்கென்று ஒதுக்குவார், அதன் வேர்களுள் ஒன்று தமிழர்தம் திண்ணையில் உள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

எழுத்துக்கும் எண்ணுக்கும் உதவிய அம்முறை, இன்று உயிர்காக்கும் கல்வியொன்றிற்கு வேண்டப்படுகின்றது. எச்.ஐ.வி. தடுப்புக் கல்வியே அது. விழா மலரில் இத்தகைய பொருளா என்று சிலர் புருவம் நெரிக்கலாம். கல்லூரியின் பெருமை அதன் கட்டடங்களில் மாத்திரம் இல்லை. அதன் வாயிலைக் கடந்து உலகினுட் புகும் இளைஞர் நலத்தோடு வாழ்தலிலும் உள்ளது. ஆதலின் இப்பொருள் இம்மலர்க்குப் புறம்பானதன்று என்பது எம் துணிபு.

முதற்கண் நோயின் இயல்பை அறிவோம். எச்.ஐ.வி. என்பது மனித உடலின் நிர்ப்பீடன ஆற்றலைச் சிதைக்கும் வைரசு. சிகிச்சையின்றிப் பல ஆண்டுகள் கழியுமிடத்து, உடல் பிற நோய்களை எதிர்க்கும் வலியிழந்து நிற்கும் முற்றிய நிலையே எயிட்ஸ். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1981 யூன் மாதத்தில் இந்நோய் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. பாரிஸ் பாஸ்டர் ஆய்வுநிலையத்தார் 1983 இல் அவ்வைரசைக் கண்டனர். அதற்காகப் பிரான்சுவா பாரே-சினூசி அம்மையாரும் லூக் மொந்தாஞ்ஞேயும் 2008 இல் நோபெற் பரிசிற் பங்கு பெற்றனர். இந்தியாவில் இத்தொற்றை முதன்முதல் வெளிப்படுத்தியவர் 1986 இற் சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவியாக இருந்த நிர்மலா என்பார். பேராசிரியை சுனிதி சாலமன் அவரை வழிநடத்தினார். அவர் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டன. ஒரு நாட்டின் கண்ணைத் திறந்த அப்பணியிலும் ஒரு மாணவியின் கை இருந்தமை நம் மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்கது.

பரவும் வழிகள் மூன்றே. தொற்றுடையாரோடு பாதுகாப்பின்றிக் கொள்ளும் பாலுறவு ஒன்று. தொற்றுள்ள குருதி உடலிற் கலத்தல், சிறப்பாகப் போதைப்பொருள் ஏற்றுவோர் ஒரே ஊசியைப் பகிர்தல் மற்றொன்று. கருவுற்ற தாயிடமிருந்து கருவிலும் பேற்றிலும் பாலூட்டலிலும் சேய்க்குச் செல்லுதல் மூன்றாவது. கைகுலுக்குவதாலோ, ஒரே வாங்கில் இருப்பதாலோ, ஒரே கோப்பையிற் பருகுவதாலோ, நுளம்புக் கடியாலோ இது பரவாது. இலங்கையிற் பெரும்பாலும் பாலுறவு வழியாகவே பரவுகின்றது.

இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதலில் இனங்காணப்பட்டது 1987 இல். இன்றும் நம் நாடு பரவல் குறைந்த நாடுகளுள் ஒன்று. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுதலை ஒழித்த நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்குச் சான்று வழங்கியது. ஆயினும் மகிழ்ச்சியோடு கவலைக்கும் இடமுண்டு. 2022 இற் புதிதாக இனங்காணப்பட்டோர் தொகை 600 ஐக் கடந்தது. அவருட் பெரும்பாலோர் ஆண்கள். 15 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்ட இளைஞரும் அவருள் அடங்குவர். தொற்றும் தாய்மாரைக் கருவுற்ற நாளிலேயே சோதித்துச் சேயைக் காக்க இயன்றது, அவர் நிலையத்தைத் தேடி வந்தமையால். இளைஞரோ தாமாக வருவதில்லை. வரச்செய்வது கல்வியொன்றே.

அக்கல்வியை ஆசிரியரே புகட்டலாகாதோ எனின், புகட்டுதல் வேண்டும். சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடத்தில் இதற்கு இடமுண்டு. ஆனாற் பாடநூலில் இப்பக்கம் வருமிடத்து வகுப்பறையில் நிகழ்வதை ஆசிரியர் அனைவரும் அறிவர். மாணாக்கர் தலைகவிழ்வர், ஒருவரையொருவர் பார்த்து முறுவலிப்பர், வினா எழாது. வினா இன்மையால் ஐயம் நீங்கிற்றென்பது பொருளன்று. அவ்வினா மதகடியிலும் விளையாட்டிடலின் ஓரத்திலும் கைத்தொலைபேசியின் திரையிலும் எழுகின்றது. ஆங்கு விடை பகர்வார் பெரும்பாலும் அறியாதாரே. முன்னாளில் அண்ணன்மாரும் மச்சான்மாரும் அருகிருந்து இளையோரை நெறிப்படுத்தினர். தெல்லிப்பழையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கும் 1990 முதல் இடப்பெயர்வுற்று, மக்கள் முகாம்களிலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிதறிய பின்னர், உற்றார் அருகிருந்து உரைக்கும் அந்நிலை பல குடும்பங்களிற் குலைந்தது. மீள்குடியேற்றத்தால் வீடுகள் எழுந்தன. அவ்வுறவுகள் யாவும் மீண்டில.

இவ்விடைவெளியை நிரப்புபவரே சகபாடிக் கல்வியாளர். ஒத்த வயதும் ஒத்த பேச்சும் ஒத்த சூழலும் உடைய ஒருவர், முறையான பயிற்சி பெற்றுத் தம் தோழர்க்கு உண்மையை எடுத்துரைப்பர். கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992 இல் மருத்துவர் சுமரஜித் ஜானா தொடங்கிய திட்டம் இதற்குப் பேர்போன சான்று. பாலியற்றொழிலில் இருந்த பெண்களே ஆங்குப் பயிற்சி பெற்றுத் தம் தோழியர் வீடுதோறுஞ் சென்று ஆணுறையின் இன்றியமையாமையையும் சிகிச்சை நிலையத்தின் வழியையும் உணர்த்தினர். வெளியார் சொற்குச் செவிசாயாத இடத்தில் உள்ளார் சொல் ஏறியது. சில ஆண்டுகளில் ஆணுறைப் பயன்பாடு பன்மடங்கு உயர்ந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘செஞ்சுருள் சங்கம்’ என்னும் பெயரால் மாணவர் அமைப்புக்கள் தோன்றி, தோழர்க்குத் தோழரே கூறும் இம்முறையைக் கைக்கொண்டன. 1994 இல் அமைந்த தமிழ்நாடு எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அவற்றுக்குத் துணைநின்றது. நம் நாட்டிலும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டமும், 1953 இல் நிறுவப்பெற்ற குடும்பத் திட்டச் சங்கமும் சகபாடிகள் வாயிலாகப் பணியாற்றியுள்ளன.

இம்முறையை வியந்து கூறுதலோடு அதன் எல்லையையும் கூறுதல் நேர்மை. இங்கிலாந்தில் 27 பாடசாலைகளில் நிகழ்ந்த ஆய்வொன்றில், 16, 17 வயது மாணாக்கர் 13, 14 வயதினர்க்குப் பாலியற் கல்வி புகட்டினர். ஆசிரியர் புகட்டியதிலும் இது தமக்கு உவப்பாயிருந்தது என்று இளையோர் கூறினர். ஆயினும் மாணவியருட் பலர், ஆண் பெண் வேறாக இருத்தி நடத்துதலையே விரும்பினர். தான்சானியாவின் முவான்சாப் பகுதியில் 1999 இல் தொடங்கிய திட்டத்தில் ஆசிரியரும் சகபாடிகளும் இணைந்து கற்பித்தனர். மாணாக்கர் அறிவு வளர்ந்தது; அவ்வளர்ச்சி பல்லாண்டுக்குப் பின்னும் நிலைத்தது. ஆனால் எச்.ஐ.வி. தொற்று குறைந்ததற்குச் சான்று கிட்டவில்லை. அறிவு மாத்திரம் நடத்தையை மாற்றிவிடாது என்பதே இதனால் யாம் அறிவது. வறுமையும் மூத்தோர் வற்புறுத்தலும் போதையும் ஊரார் பழிச்சொல்லும் ஒருபுறம் இழுக்குமிடத்து, வகுப்பிற் கேட்ட சொல் தனித்து நின்று வெல்லாது.

எனவே சகபாடிக் கல்வி பயன்தர வேண்டின் சில நெறிகள் வேண்டப்படும். முதலாவது, தெரிவு. பரீட்சையில் முதல்வனாக இருப்பவனே தக்கவன் என்பதில்லை. தோழர் நாடி வந்து மனந்திறக்கும் இயல்பினன், கேட்டதைப் பிறர்பால் உரையாதவன், பிறரை எள்ளாதவன் ஆகிய ஒருவனே தக்கவன். மாணாக்கரே தம்முள் இத்தகையாரைச் சுட்டுதல் நன்று. மாணவியர்க்கு மாணவியரே வேண்டும். இரண்டாவது, பயிற்சி. ஒருநாட் சொற்பொழிவு பயிற்சியாகாது. மருத்துவர், தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் துணையோடு பலநாள் பயின்று, மாறிமாறி வினாவியும் விடையிறுத்தும் பழகுதல் வேண்டும். மூன்றாவது, எல்லை. சகபாடி மருத்துவனல்லன். ‘அறியேன், அறிந்தாரிடம் அழைத்துச் செல்வேன்’ என்று கூறத் துணிதலே அவன் கற்கவேண்டிய முதற்பாடம். தோழன் ஒருவன் வன்முறைக்கு ஆளாயின் அச்சுமையைத் தான் தாங்காது பொறுப்புள்ள பெரியாரிடம் சேர்ப்பித்தல் அவன் கடன். நான்காவது, சேவையோடு இணைப்பு. இலவச சோதனையும் சிகிச்சையும் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் உள. தொற்றிய சில வாரம் வரை அது சோதனையிற் புலப்படாதிருக்கலாம் என்பதையும், தொற்று நேர்ந்திருக்குமோ என்று அஞ்சுவார் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை நாடின் தடுப்பு மருந்து பெறலாம் என்பதையும், நாடோறும் மருந்துண்டு வைரசைப் புலப்படா அளவுக்கு அடக்கியவர் பாலுறவு வழியாகப் பிறர்க்கு அதனைப் பரப்புவதில்லை என்பதையும் சகபாடி ஐயமறக் கற்றிருத்தல் வேண்டும். அச்சுறுத்தும் படங்களிலும் இவ்வுண்மைகளே உயிர்காக்கும்.

தமிழாசிரியராகிய எமக்கு இங்கே தனியொரு கடமை உண்டு. உடலுறுப்புக்களையும் பாலுறவையும் குறிக்க இளைஞர் நாவிலுள்ள சொற்கள் இருவகை: ஒன்று தெருவில் வழங்கும் இழிவழக்கு, மற்றொன்று பாடநூலில் மாத்திரம் உள்ள, எவர் நாவிலும் ஏறாத கலைச்சொல். முன்னதாற் பேசின் நாணம். பின்னதாற் பேசின் விளக்கமின்மை. இவ்விரண்டுக்கும் இடையே மானமும் தெளிவும் ஒருங்குடைய ஒரு நடையைச் சகபாடிகளுக்குப் பயிற்றுதல் தமிழாசிரியர் பணியன்றிப் பிறிதென்ன? இடக்கரடக்கல் என்னும் மரபு தமிழுக்கு உண்டு. அது கூறத்தகாததை நாகரிகமாகக் கூறும் வழியேயன்றிக் கூறவேண்டியதை மறைக்கும் வழியன்று.

இக்கல்வி நோயைத் தடுத்தற்கு மாத்திரம் உரியதன்று. அநீதியைத் தடுத்தற்கும் உரியது. 2016 இற் குளியாப்பிட்டிப் பகுதியில், தந்தை எயிட்சால் இறந்தார் என்ற வதந்தியொன்றாற் சிறுவன் ஒருவன் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டான். அவனோடு தம் பிள்ளைகளை இருத்தப் பெற்றோர் மறுத்தனர். சோதனையில் அச்சிறுவனுக்குத் தொற்றில்லை என்று தெரிந்தும் அச்சம் அகலவில்லை. வழக்கு உயர்நீதிமன்றஞ் சென்றது, எச்.ஐ.வி. கருதி எப்பிள்ளைக்கும் கல்வியுரிமை மறுக்கப்படலாகாது என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது. தொற்றே இருந்திருப்பினும் அவனை விலக்க நியாயமில்லை என்பதை மாணாக்கர் உணர வேண்டும். அப்பெற்றோரும் ஒருகாலத்தில் ஏதோவொரு பாடசாலையின் வகுப்பறையில் இருந்தவரே. கைகுலுக்கலாற் பரவாது என்ற ஒரு வரியை அன்று அவர் ஐயமறக் கற்றிருப்பின், ஒரு பிள்ளை பள்ளி வாயிலில் நிற்க நேர்ந்திராது.

தெல்லிப்பழையில் இதற்கான வாய்ப்புக்கள் பலவுள. ஆதார வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அண்மையில் உள்ளன. மாணவ முதல்வர், சாரணர், முதலுதவிப் படையினர் என மாணாக்கர் மாணாக்கரை நடத்தும் மரபு நம் கல்லூரிகளில் வேரூன்றியுள்ளது. இம்மரபினின்று ஆண்டுதோறும் பன்னிருவரைத் தெரிந்து பயிற்றுவது பெருஞ்செலவுக்குரியதன்று. பழைய மாணவருள் மருத்துவரும் தாதியரும் உளவளத்துணையாளரும் பலர் உளர். விடுமுறைக்கு ஊர்வருங்கால் இரண்டு நாழிகை அவர்க்கு ஒதுக்குவாராயின், கட்டடத்துக்கு அளிக்கும் கொடையினும் அது குறைந்ததாகாது. பெற்றோரை முன்னரே அழைத்து, யாது கூறப்படும், யாது கூறப்படாது என்று விளக்குதல் ஆசிரியர் பொறுப்பு. பெற்றோர் அறியாது தொடங்கும் பணி பெற்றோராலேயே நின்றுபோகும்.

ஆண்டுதோறும் திசெம்பர் முதலாந் திகதி உலக எயிட்ஸ் தினம். அன்று பதாகை ஏந்திச் சென்று மாலையில் மறந்துவிடுதல் எளிது. எஞ்சிய நாட்களில், ஒரு மாணவன் தன் தோழன் காதருகே நின்று உண்மையைக் கூறுதலே அரிது, அதுவே வேண்டுவதும். பவணந்தியார் மாணாக்கர்க்கு வைத்துச் சென்ற முக்காற்கூறு இன்னும் நம் மாணாக்கர் கையில் உள்ளது. அதனை அவர்க்கு நம்பி ஒப்படைத்து, எமக்குரிய காற்கூற்றை ஆசிரியராகிய யாம் குறைவறச் செய்வோமாக.